இடுப்பில் வைத்தது எது என்று எழுதிக் கொடுங்கள்

நெய்வேலிக்கு வயதாகிவிட்டது. 1956 நவம்பரில் பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவாயிற்று. 1957 மே மாதம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். மேல்மண்ணை வாரி வாரி, 1961 ஆகஸ்டில்தான் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது. 1962-ல் முதல் அனல் மின் அலகு ஓடத் தொடங்கியது. அப்போது இருபது வயதில் வேலைக்குச் சேர்ந்தவர் இன்றிருந்தால் எண்பதைத் தாண்டியிருப்பார். எண்பதுகளில் இரண்டாம் அனல் மின் நிலையம் எழும்பியபோது சேர்ந்த பெரும்படையும் ஓய்வுபெற்று வீட்டில் உட்கார்ந்துவிட்டது. குவார்ட்டர்ஸைக் காலி செய்தவர்கள் இந்திரா நகர், வடலூர், பண்ருட்டி, கடலூர், புதுச்சேரி என்று தோதான இடத்தில் மனை வாங்கி வீடு கட்டினார்கள். டவுன்ஷிப்பின் மரம் அடர்ந்த சாலைகளில் ஷிப்டுக்கு சைக்கிள் மிதித்த கால்கள் இப்போது டைல்ஸ் பதித்த சொந்த வீட்டு பாத்ரூமில் வழுக்குகின்றன.

வழுக்கி விழுந்து இடுப்பில் எலும்பு முறிந்தால் அடுத்து என்ன என்று ஊருக்குத் தெரியும். ஆபரேஷன், பந்து மாற்று, வாக்கர், பிறகு கைத்தடி. ஏற்கெனவே பந்து மாற்றியவர் மறுபடி விழுந்து, அந்த உலோகத்தைச் சுற்றியே தொடை எலும்பு முறிந்தால் என்ன ஆகும் என்பதுதான் பலருக்குத் தெரியாது. முதல் முறிவைவிட அது சிக்கலானது. அதற்கு நம் ஆஸ்பத்திரிகளும் அரசும் வீட்டு பீரோக்களும் தயாராக இல்லை என்பதே இந்தக் கட்டுரையின் புகார். பீரோவை எதற்கு வம்புக்கு இழுக்க வேண்டும் என்பது போகப்போகத் தெரியும்.

நெய்வேலியில் முதல் மின்சாரம் பிறந்த அதே 1962-ல்தான் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி இன்றைய இடுப்பு மாற்று அறுவைக்கு அடித்தளம் போட்டார். உலோகப் பந்து, பாலிஎதிலீன் கிண்ணம், இரண்டையும் எலும்பில் ஒட்டவைக்க சிமென்ட். அதற்கு முன்பு அவர் டெஃப்லானில் செய்த கிண்ணங்கள் தேய்ந்து தோற்றுப்போயிருந்தன. புதிய மூட்டு நின்றது. ஆனால், 1964-லேயே செயற்கை மூட்டைச் சுற்றித் தொடை எலும்பு முறிந்தவர்களைப் பற்றி அமெரிக்க எலும்பியல் இதழில் கட்டுரை வந்துவிட்டது. அமெரிக்காவின் மேயோ கிளினிக் தன்னிடம் நடந்த 32,644 இடுப்பு மாற்றுகளை அலசி 2016-ல் வெளியிட்ட கணக்கின்படி, அறுவைக்குப் பிந்தைய 20 ஆண்டுகளுக்குள் இப்படி முறிய 3.5% வாய்ப்பு உண்டு. நூறில் மூன்று நான்கு பேர்தானே என்று விட்டுவிடலாம். அந்த மூன்று நான்கு பேருக்கு வருவது சாதாரண முறிவு இல்லை. அமெரிக்காவில் 2007-ல் வெளியான இன்னொரு ஆய்வில், இத்தகைய முறிவு வந்தவர்களில் 11% பேர் ஓராண்டுக்குள் இறந்திருந்தார்கள். திட்டமிட்டு மூட்டு மாற்றிக்கொண்டவர்களில் அது 2.9% மட்டுமே.

நம் ஊரில் இதற்கு இன்னொரு முகமும் உண்டு. மேலைநாடுகளில் இடுப்பு மாற்று பெரும்பாலும் முதியவர்களின் தேய்மானத்துக்கான வைத்தியம். இங்கே தொடை எலும்பின் தலைக்கு ரத்த ஓட்டம் நின்று அது செத்துப்போகிற நோய்க்காகவும், முதுகும் இடுப்பும் இறுகிப்போகிற வாத நோய்க்காகவும் முப்பது நாற்பது வயதிலேயே பந்து மாற்றிக்கொள்கிறவர்கள் கணிசம். நாற்பதில் வைத்த உலோகம் எழுபது வரை தாங்க வேண்டும். 2019-ல் லான்செட் இதழில் வந்த ஆய்வின்படி இடுப்பு மாற்றுகளில் 58% இருபத்தைந்து ஆண்டுகள் நிலைக்கின்றன. மீதிப் பேருக்கு இடையிலேயே ஏதோ ஒரு காரணத்துக்காக மறு அறுவை.

எலும்பு ஏன் அந்த இடத்தில் முறிகிறது? செயற்கை மூட்டின் பந்துக்குக் கீழே ஒரு தண்டு இருக்கிறது. தொடை எலும்பின் உட்குழாயில் அது இறங்கி நிற்கிறது. தண்டு இருக்கும் பகுதி விறைப்பு. அது முடிந்த இடத்திலிருந்து வெறும் எலும்பு. விழும்போது திருகும் விசை முழுதும் அந்த எல்லையில் வந்து குவிகிறது. போதாக்குறைக்கு, ஆண்டுக்கணக்கில் கிண்ணத்தின் பாலிஎதிலீன் தேய்ந்து உதிரும் துகள்களை உடம்பு எதிரியாகப் பாவித்துச் சண்டை பிடிக்க, அந்தச் சண்டையில் எலும்பே கரைகிறது. தண்டு மெல்ல ஆட்டம் காண்கிறது. உட்கார்ந்து எழும்போது தொடை நடுவில் சுருக்கென்று ஒரு வலி. 'வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்' என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். பல பேருக்கு அந்த வலிதான் முன்னெச்சரிக்கை. அதன் பிறகு ஒருநாள் கட்டில் ஓரத்திலிருந்து சரிந்தாலே போதும்.

உலகெங்கும் இந்த முறிவுகளை அளக்கும் கோல் கனடாவின் வான்கூவரிலிருந்து வந்தது. கிளைவ் டங்கனும் பாஸம் மஸ்ரியும் 1995-ல் வகுத்தது. மேலே தசைகள் பற்றியிருக்கும் முண்டுகளில் விரிசல் என்றால் ஏ வகை. விலகாமல் இருந்தால் பெரும்பாலும் ஆபரேஷன் இல்லாமலே ஆறும். தண்டின் நுனிக்கு வெகு கீழே முறிந்தால் சி வகை. நீளமான பிளேட் வைத்து, பிளேட்டின் மேல்முனை தண்டின் நுனியையும் கடந்து ஏறும்படி பொருத்துவார்கள். பிளேட்டுக்கும் தண்டுக்கும் இடையே வெட்டவெளியாக எலும்பை விட்டால் அடுத்த முறிவு அங்கேதான். இவை இரண்டும் ஓரளவு நேர்வழி. தலைவலி எல்லாம் நடுவிலிருக்கும் பி வகையில். முறிவு தண்டைச் சுற்றியே. ஆனால் தண்டு எலும்பில் உறுதியாக நிற்கிறதா, தளர்ந்துவிட்டதா? உறுதி என்றால் பி1: தண்டைத் தொடாமல் எலும்பை மட்டும் சேர்த்துக் கட்டலாம். தளர்ச்சி என்றால் பி2: தண்டையே கழற்றி, முறிவைத் தாண்டி எலும்பின் விட்டத்தைப்போல் இரு மடங்கு தூரமாவது இறங்கும் நீளத் தண்டைப் போட வேண்டும். தளர்ச்சியோடு எலும்பும் அப்பளமாக நொறுங்கியிருந்தால் பி3.

தண்டு தளர்ந்ததா என்ற கேள்விக்கு எக்ஸ்-ரே எப்போதும் ஒழுங்காகப் பதில் சொல்வதில்லை. ஸ்வீடன் 1979 முதல் தன் இடுப்பு மாற்று நோயாளிகளைப் பதிவேட்டில் எழுதிவருகிறது. 2000 வரையிலான 1,049 முறிவுகளை அந்நாட்டு மருத்துவர்கள் எடுத்துப் பார்த்தபோது, பெரும்பாலானோருக்குத் தண்டு தளர்ந்தே இருந்தது தெரிந்தது. 'உறுதியாக இருக்கிறது' என்று நம்பி பிளேட் மட்டும் போட்டு அனுப்பியவர்களில் பலர் மறுபடி ஆபரேஷன் மேசைக்கு வந்தார்கள். தளர்ச்சி கண்ணில் படாமல் போயிருக்கலாம் என்பது அவர்கள் முடிவு. ஆகவே, அனுபவமுள்ள மருத்துவர் மேசையில் எலும்பைத் திறந்து, தண்டைப் பிடித்து அசைத்துப் பார்த்த பிறகுதான் எந்த ஆபரேஷன் என்று தீர்மானிப்பார். இரண்டு ஆபரேஷனுக்குமான சாமான்களும் அறையில் தயாராக இருக்க வேண்டும் என்பது இதன் பொருள்.

பி1 என்றால் கேட்க எளிது, செய்யக் கடினம். எலும்பின் உட்குழாயை உலோகத் தண்டு அடைத்துக்கொண்டிருப்பதால் ஸ்குரூ மறுபக்கம் வரை போகாது. ஆகவே கேபிள். முறுக்கிய மெல்லிய உலோகக் கயிறு. வளைந்த கருவி ஒன்றை எலும்பின் தோலோடு தோலாக உரசியபடி பின்பக்கமாகச் சுற்றிக் கொண்டுவருவார்கள். ஒரு நூல் விலகினால் ரத்தக் குழாயோ நரம்போ உள்ளே சிக்கிவிடும். அந்த வழியே கேபிளை இழுத்து, பிளேட்டின் மேல் கொண்டுவந்து, டென்ஷனரில் அளவாக இறுக்கி, குமிழை நசுக்கிப் பூட்டி, மிச்சத்தைக் கத்தரிப்பார்கள். அதிகம் இறுக்கினால் முதிய எலும்பை அது அறுத்துவிடும். ஆபரேஷன் முடிந்தும் பல வாரங்கள் அந்தக் காலில் முழுப் பாரம் போடக் கூடாது. எழுபத்தெட்டு வயது அம்மாவிடம் 'ஒரு காலில் கால்வாசிப் பாரம் மட்டும் வையுங்கள்' என்று சொல்லிப் பாருங்கள்.

பி3-க்கு வழி காட்டியதில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. சென்னை அரசு பொது மருத்துவமனையில் மயில்வாகனன் நடராஜன் எலும்புப் புற்றுநோயாளிகளின் காலை வெட்டாமல் காப்பாற்ற, அளவெடுத்துச் செய்த பெரிய உள்வைப்புகளை உள்நாட்டிலேயே தயாரிக்க வைத்தார். முறிந்த பகுதியையே எடுத்துவிட்டு மேல்தொடை எலும்பு முழுதுக்கும் உலோகம் வைக்கும் முறை, இன்று எலும்பு நொறுங்கிப்போன முதியவர்களுக்கும் கைகொடுக்கிறது.

சரி, இவ்வளவும் செய்ய முதலில் என்ன தெரிய வேண்டும்? இரவு பத்து மணிக்கு எமர்ஜென்சியில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

"முன்னாடி ஆபரேஷன் பண்ணின பேப்பர் ஏதாவது இருக்கா?"

"பந்து மாத்தினாங்க சார். பத்துப் பதினஞ்சு வருஷம் ஆச்சு."

"முழுசா மாத்தினதா, பாதியா? சிமென்ட் போட்டாங்களா?"

"ஏதோ பெரிய கம்பெனி அயிட்டம்னு சொன்னாங்க சார். அப்பாதான் ஃபைல் வச்சிருந்தாரு."

அப்பா போய்விட்டார். ஃபைல் பீரோவில் இருக்கலாம். வீடு வெள்ளையடித்தபோது பழைய பேப்பரோடு போயிருக்கலாம். கையில் இருக்கும் டிஸ்சார்ஜ் சம்மரியில் 'இடுப்பு மாற்று செய்யப்பட்டது' என்று ஒற்றை வரி.

கம்பெனிப் பெயர் வெறும் தகவல் இல்லை, அது கருவி. ஒவ்வொரு நிறுவனத்தின் தண்டையும் கழற்ற அதற்கென்று கருவிகள் உண்டு. தண்டு உறுதியாக இருந்து பந்தை மட்டும் மாற்ற வேண்டுமானால், தண்டின் கழுத்துக் கூம்பும் புதிய பந்தின் துளையும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். வேறு கம்பெனிப் பந்து அதில் சரியாக உட்காராது. அரசு மருத்துவமனைகளில் காலங்காலமாக வைத்துவந்த ஆஸ்டின் மூர் வகைத் தண்டில் இரண்டு ஜன்னல்கள் இருக்கும். எலும்பு அந்த ஜன்னல்களுக்குள் வளர்ந்து தண்டைப் பற்றிக்கொள்ளட்டும் என்று வைத்த ஏற்பாடு. இருபது ஆண்டு கழித்து அதைக் கழற்றுகிறவருக்கு அதே ஜன்னல்தான் வில்லன். எது உள்ளே இருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்த மருத்துவர் ஒரு திட்டத்தோடு உள்ளே போகிறார். தெரியாதவர் எக்ஸ்-ரே நிழலைப் பார்த்து ஊகிக்கிறார். ஊகம் முடியும்வரை நோயாளி படுக்கையில். முதியவருக்குப் படுக்கையில் கழியும் ஒவ்வொரு நாளும் நெஞ்சுச் சளிக்கும் படுக்கைப் புண்ணுக்கும் ரத்தக் கட்டிக்கும் வாசல்.

ஆஸ்பத்திரியில் கேட்டால் பழைய கேஸ் ஷீட் கிடைக்காதா? இங்கேதான் சட்டம் சிரிப்பை வரவழைக்கிறது. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நெறிமுறை விதிகள், உள்நோயாளியின் ஆவணங்களை சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் வைத்திருந்தால் போதும் என்கின்றன. உடம்புக்குள் இருபத்தைந்து ஆண்டு இருக்கப்போகும் பொருளுக்கு மூன்று ஆண்டு ஆவணம். நெய்வேலிக்காரர்களுக்கு இது சட்டென்று உறைக்கும்: ஆலையில் ஒரு பேரிங்கை மாற்றினால் யார், எந்த ஷிப்டில், எந்த எண்ணுள்ள பேரிங்கை மாற்றினார் என்று லாக் புத்தகத்தில் எழுதாமல் வீட்டுக்குப் போக முடியாது. மனித இடுப்புக்கு அந்த மரியாதைகூட இல்லை.

இது ஏட்டுச் சுரைக்காய்க் கவலை இல்லை. ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனத்தின் டிபுய் பிரிவு ஏ.எஸ்.ஆர். என்ற இடுப்பு மூட்டை 2010 ஆகஸ்டில் உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது. உலோகத்தோடு உலோகம் உரசிக் கோபால்ட்டும் குரோமியமும் உடம்பில் கலந்தது, பலருக்கு மறு அறுவை தேவைப்பட்டது. இந்தியாவில் சுமார் 4,700 அறுவைகளில் இது வைக்கப்பட்டிருந்தது. மத்திய அரசு அமைத்த அருண் அகர்வால் குழு விசாரித்தபோது, அந்த நோயாளிகளில் சுமார் 3,600 பேர் எங்கே இருக்கிறார்கள் என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. 2018-ல் இழப்பீடு அறிவிக்கப்பட்டது, 30 லட்சம் ரூபாயிலிருந்து 1.23 கோடி வரை. பணம் இருக்கிறது, வாங்கிக்கொள்ள வேண்டியவர் யார் என்று தெரியவில்லை! அதே மூட்டு ஆஸ்திரேலியச் சந்தையிலிருந்து 2009 டிசம்பரிலேயே போய்விட்டது. அந்நாட்டின் தேசிய மூட்டுப் பதிவேடு, இந்த மூட்டு அளவுக்கு மீறி மறு அறுவைக்கு வருகிறது என்று முன்பிருந்தே சுட்டிக்காட்டி வந்ததே காரணம். பதிவேடு என்பது அலமாரியில் தூங்கும் தடித்த புத்தகம் என்று நினைப்பவர்கள் இந்த எட்டு மாத வித்தியாசத்தைக் கணக்கில் எடுக்கட்டும்.

நம் நாட்டிலும் இடுப்பு, முழங்கால் அறுவை மருத்துவர்களின் சங்கம் ஒரு பதிவேட்டை நடத்துகிறது. விருப்பப்பட்டவர்கள் எழுதலாம். விருப்பப்படாதவர்களை யாரும் கேட்பதில்லை. 2015-ல் மத்திய அரசு மருத்துவக் கருவிகளால் வரும் கேடுகளைக் கண்காணிக்கும் திட்டம் ஒன்றையும் தொடங்கியது. அதுவும் யாராவது புகார் எழுதினால்தான் அசையும்.

'ஏற்கெனவே எழுத்து வேலை கழுத்தை நெரிக்கிறது, இதில் இன்னொரு ரிஜிஸ்டரா?' என்று அரசு மருத்துவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. வெளிநோயாளிப் பிரிவில் ஒரு காலைப் பொழுதைப் பார்த்தவர் அதை மறுக்க மாட்டார். ஆனால், இங்கே புதிதாக எழுத ஒன்றுமே இல்லை. உள்வைப்பு வரும் பெட்டிக்குள் உரித்து ஒட்டும் ஸ்டிக்கர்கள் இருக்கும்: நிறுவனம், மாதிரி, அளவு, தயாரிப்புத் தொகுதி எண், எல்லாம் அதில் அச்சாகியிருக்கும். ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸ் ஒன்றை உரித்துக் கேஸ் ஷீட்டில் ஒட்டுகிறார். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் பணம் கேட்கும்போதும் உள்வைப்பின் ரசீதும் விவரங்களும் போகின்றன. அரசாங்கத்தின் கம்ப்யூட்டரில் தகவல் இருக்கிறது. நோயாளியின் கையில் இல்லை, அடுத்த மருத்துவரின் கண்ணில் படுவதில்லை. இன்னொரு ஸ்டிக்கரை உரித்து ஒரு அட்டையில் ஒட்டி, டிஸ்சார்ஜ் ஆகும்போது கையில் கொடுப்பதற்கு எத்தனை நிமிடம் ஆகும்? காப்பீட்டுத் திட்டத்தில் பணம் பட்டுவாடா ஆக வேண்டுமானால் அந்த அட்டையின் நகலும் இருக்க வேண்டும் என்று தமிழ்நாடு அரசு ஒரு வரி சேர்த்தால் போதும், ஒரே ஆண்டில் பழக்கம் வந்துவிடும். காப்பீட்டுக் கணினியில் குவியும் விவரத்தைப் பெயர், முகவரி நீக்கித் தொகுத்தால் அதுவே மாநிலப் பதிவேட்டின் முதல் பக்கம்.

அட்டை மட்டும் எலும்பை ஒட்டவைக்காது என்பதும் உண்மை. நீளத் தண்டுகள், கேபிள் செட், நீண்ட பிளேட்டுகள் மாவட்ட மருத்துவமனை அலமாரியில் தயாராகக் காத்திருக்கும் சாமான்கள் இல்லை. ஆளைப் பார்த்து, அளவு பார்த்து, சென்னையிலிருந்து வரவழைக்க வேண்டும். கடலூர் மாவட்டத்து நோயாளிக்கு சிதம்பரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, பக்கத்தில் புதுச்சேரி ஜிப்மர் இருக்கிறது. அதற்கு மேல் சென்னைதான், சுமார் 200 கிலோமீட்டர். பண்ருட்டி வழியாகப் போகிற நெடுஞ்சாலையின் ஆண்டுக்கணக்கான விரிவாக்கப் பணியில் முறிந்த தொடையோடு ஆம்புலன்சில் போய்வந்தவர்கள் அந்தத் தூரத்தைக் கிலோமீட்டரில் சொல்ல மாட்டார்கள். சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஏற்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரில் வந்தது, நல்ல திட்டம். பாத்ரூமில் விழுந்த பாட்டி அதில் வரமாட்டார். முழங்கால் உள்வைப்புகளுக்கு 2017 ஆகஸ்டில் மத்திய அரசு உச்ச விலை விதித்தது. அந்த ஆணையும் முழங்காலோடு நின்றுவிட்டது. மறு அறுவைக்கான தண்டின் விலையைக் கேட்டு மயக்கம் போடாத குடும்பம் குறைவு. மண்டலத்துக்கு ஒரு மருத்துவக் கல்லூரியையாவது இந்த அறுவைக்கென்று தேர்ந்தெடுத்து, சாமான்களை இருப்பில் வைத்து, கைதேர்ந்த ஒரு குழுவை அங்கேயே நிறுத்திவைப்பதுதான் மாவட்டம்தோறும் அரைகுறையாகச் செய்வதைவிடப் புத்திசாலித்தனம்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் சில வேலைகள் இருக்கின்றன. பந்து மாற்றியவர் விழுந்து, காலை ஊன்ற முடியவில்லை என்றால் எண்ணெய் போட்டு நீவ வேண்டாம், புத்தூர் கட்டுக்கு வண்டி பிடிக்கவும் வேண்டாம். உள்ளே உலோகம் இருக்கும் எலும்பைக் கட்டி வைத்துப் பெரும்பாலும் ஆற்ற முடியாது. எக்ஸ்-ரே எடுக்கும்போது இடுப்போடு நிறுத்தாமல் முழங்கால் வரை முழுத் தொடையும் தெரியும்படி எடுக்கச் சொல்லுங்கள். முறிவு தண்டின் நுனிக்குக் கீழே ஒளிந்திருக்கலாம். விழாமலே தொடையில் புது வலி என்றால் அதுவும் ஒரு எக்ஸ்-ரேக்குத் தகுதியான காரணம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள் வீடு வீடாகப் போய் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள், இயன்முறைச் சிகிச்சையும் தருகிறார்கள். பாத்ரூமில் பிடிமானக் கம்பி இருக்கிறதா, இரவு விளக்கு எரிகிறதா, இடுப்பில் உலோகம் இருக்கிறதா என்று மூன்று கேள்விகளை அவர்கள் படிவத்தில் சேர்ப்பதற்குத் தனி நிதி ஒதுக்கீடு தேவையில்லை.

நெய்வேலி இதைத் தொடங்கிவைக்கப் பொருத்தமான ஊர். ஊழியர்களையும் ஓய்வுபெற்றவர்களையும் பெயர் பெயராக அறிந்த நிறுவனம், சொந்தப் பொது மருத்துவமனை, எண் போட்டுப் பொருள் பாதுகாக்கும் பழக்கம் ஊறிய மக்கள். வெளியூர் மருத்துவமனையில் பந்து மாற்றிக்கொண்டு வந்தவர்களின் மருத்துவச் செலவு ரசீதுகள் ஏதோ ஓர் அலுவலகக் கோப்பில் இருக்கும். அவற்றில் உள்வைப்பின் பெயரும் இருக்கும். அந்தக் கோப்புகளைக் கழிவுத்தாளுக்குப் போடுவதற்கு முன் ஒருமுறை புரட்டினாலே நூற்றுக்கணக்கான அட்டைகளை எழுதிவிடலாம். மருத்துவக் கவுன்சில் விதிகளில் நோயாளிக்குச் சாதகமான ஒரு வரியும் உண்டு: ஆவணம் கேட்டு எழுதிக் கொடுத்தால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். அறுவை நடந்து மூன்று ஆண்டு ஆகாதவர்கள் இந்த வாரமே எழுதிக் கேட்கலாம். ஆனவர்கள் பீரோவைத் திறக்கட்டும். ஜூலையில் நடக்கும் நெய்வேலிப் புத்தகக் கண்காட்சிக்கு ஊரைவிட்டுப் போன பழைய ஊழியர்களும் பேரப்பிள்ளைகளோடு வருவது வழக்கம். நுழைவாயிலருகே ஒரு மேசை, இரண்டு நாற்காலி, பழைய ஃபைலைப் பார்த்து அட்டை எழுதித் தர எலும்பியல் பிரிவிலிருந்து ஓர் ஊழியர். பழைய எக்ஸ்-ரே இருந்தால் அதையும் சுருட்டாமல் கொண்டுவரச் சொல்லி முன்கூட்டியே அறிவிப்பு கொடுத்துவிட வேண்டும்.